உறுப்பினர் சீட்டும் தண்ணீர்ப் பானையும்: அறிவுச் சங்கங்களில் சாதி



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவாக ராயபுரத்தில் கூடியிருக்கிறோம். நம்மில் பலர் பனியன் கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கைமடியாக உள்ளே போன ஒருவர் டைலர் ஆவது எப்படி என்பது நமக்குத் தெரியும். டீ நேரத்தில் டைலர் எழுந்து போகும்போது, “உட்கார்ந்து ஓட்டிப் பாரு” என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பல வருடம் ஆனாலும் பீஸ் அடுக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். கம்பெனி வாசலில் யாரையும் தடுக்கும் பலகை கிடையாது. மெஷினில் யார் உட்காருவது என்பது உள்ளே முடிவாகிறது.

இந்த ஊரில் தொழிலாளியாக நுழைந்து முதலாளியானவர்களைப் பற்றிச் சரத் சாரி எழுதிய ஆய்வு நூல் 2004இல் வெளிவந்தது. கூட்டாளி கிடைப்பதிலும் கடன் கிடைப்பதிலும் கவுண்டர் சாதி உறவுகள் எவ்வளவு கைகொடுத்தன என்பதை அது காட்டுகிறது. படித்தவர்களின் சங்கங்கள், அதாவது மருத்துவர் சங்கம், அறிவியல் கழகம், பேராசிரியர் மன்றம் போன்றவை, இந்த விதிக்கு விலக்கா என்பதே இன்றைய கேள்வி. பண்டிதரின் வாழ்விலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது.

1884இல் தொடங்கிய சென்னை மகாஜன சபை, வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் வணிகர்களும் கூடிய இடம். 1892இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நடந்த அதன் மாநாட்டுக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் போனார். அங்கே நடந்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கோயில்களில் நம் மக்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். அரங்கில் எதிர்ப்பு எழுந்தது. உங்களுக்கு வேறு சாமிகள் இருக்கின்றனவே என்று பதில் வந்தது. அப்படியானால் நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் நம் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்டார். அதற்குச் சபை இசைந்தது.

இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பள்ளிக்கூடமும் நிலமும் அரசாங்கம் தர வேண்டியவை, சபை கைதூக்கியது. கோயில் வாசல் சபையின் உறுப்பினர்களே விட்டுக்கொடுக்க வேண்டியது, சபை மறுத்தது. எந்தச் சங்கத்தையும் அளக்க நமக்கு இதைவிட நல்ல கோல் வேண்டாம். ‘அனைவரையும் வரவேற்கிறோம்’ என்று அது சொல்லும்போது, உங்கள் உறுப்பினர்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

பண்டிதர் கேட்டதோடு நிற்கவில்லை. 1898இல் சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அறிவியல் பேராசிரியர் இலட்சுமி நரசு அந்த இயக்கத்தில் முன்னணியில் நின்றார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் வந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் சங்கக் கிளை நடத்தினார்கள், இதழைப் படித்தார்கள். 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு அவர் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காப்பாற்றியதும் அந்தத் தங்கவயல்தான். கல்வி உலகம் அவருடைய சிந்தனைகளைப் பெருந்தொகுதிகளாகக் கையில் எடுக்க 1999 வரை ஆனது. பேராசிரியரும் சுரங்கத் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் இருக்க முடியும் என்பதை நூறு வருடங்களுக்கு முன்பே நம்மவர்கள் நடத்திக் காட்டிவிட்டார்கள்.

படித்த மேல்சாதியினரின் அவைகளோ பட்டத்தைப் பார்த்தும் மாறவில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அம்பேத்கர் 1918இல் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். பேராசிரியர்களுக்கென வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிப்பதற்கு உடன் பணியாற்றியவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. 1936இல் லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல், சாதியை ஒழிக்கவே ஏற்பட்ட சங்கம், தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார், மாநாடு ரத்தானது. பேசப்படாத அந்த உரையைத் தம் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். நல்ல எண்ணம் கொண்ட சங்கமும் தன் சொந்த நம்பிக்கையைத் தொட்டவுடன் பின்வாங்கும் என்பதற்கு இது சாட்சி.

இயற்பியலாளர் மேகநாத் சாகா தலித் அல்ல. டாக்கா அருகே ஒரு சிறு கடைக்காரரின் மகன். மேல்சாதியினர் தாழ்வாக நினைத்த வணிகச் சாதி அவருடையது. கல்கத்தாவின் ஈடன் இந்து விடுதியில் சில மாணவர்கள் அவரோடு அமர்ந்து உண்ண மறுத்தார்கள். அதே சாகா 1930இல் அலகாபாத்தில் அறிவியல் கழகம் நிறுவினார். 1934இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைவரானார். பெருமைதான். ஆனால் ஒருவர் தலைவர் நாற்காலியில் அமர்ந்ததால் விடுதிச் சாப்பாட்டு அறைகள் திருந்திவிடவில்லை. டெல்லி எய்ம்ஸ் பற்றி விசாரித்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியில் தனித்தளங்களுக்கு ஒதுங்க வேண்டிய நிலையையும், வகுப்பிலும் தேர்விலும் அவர்கள் பட்ட புறக்கணிப்பையும் அது பதிவுசெய்தது.

அடுத்த ஆண்டு, 2008 பிப்ரவரியில், ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வு மாணவர் செந்தில்குமாரை இழந்தோம். நமக்குப் பக்கத்துச் சேலத்துப் பிள்ளை. ஆய்வுக்குச் சேர்ந்த பின்னும் அவருக்கு வழிகாட்டி அமையவில்லை. சேர்க்கைச் சீட்டு கையில் இருந்தது. மெஷினில் உட்காரச் சொல்ல ஆள் இல்லை.

வெளிநாட்டுச் சங்கங்களும் தாமாக மாறவில்லை. 1660இல் தோன்றிய லண்டன் ராயல் சொசைட்டி, பெண்களை உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுத்தது 1945இல். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள் கறுப்பின மருத்துவர்களைச் சேர்க்க மறுத்ததால், அவர்கள் 1895இல் தேசிய மருத்துவச் சங்கம் கண்டார்கள். அந்தப் பழைய தவற்றுக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் 2008இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. ஆனால் தவறு நடந்தது என்று சங்கமே எழுதிக்கொடுத்த பிறகு, அடுத்த தலைமுறை அதை மெய்ப்பிக்க அலைய வேண்டியதில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியதைக் குறிப்பாகக் கேட்போம். ‘பாகுபாடு காட்ட மாட்டோம்’ என்ற பொதுவாக்கியம் போதாது. விதியில் சாதி என்ற சொல் இருக்க வேண்டும். அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும் அதை எழுதிவிட்டன. வழிகாட்டி யாருக்கு, எந்தத் தேதியில் ஒதுக்கப்பட்டார் என்ற பட்டியல் எல்லோர் பார்வைக்கும் வரட்டும். நிர்வாகக் குழுவிலும் விருதுக் குழுவிலும் மாநாட்டு மேடையிலும் யார் யார் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடட்டும். புகாரை விசாரிக்கும் குழுவில் வெளியாட்கள் இருக்கட்டும். மாநாட்டுப் பயணச் செலவை முன்கூட்டியே தரட்டும். முதல் தலைமுறை மாணவர் கைக்காசைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. தமிழில் கேள்வி கேட்பவரை அரைகுறையாகப் பார்க்கும் வழக்கம் ஒழியட்டும்.

இந்தக் கோலை நம் மீதும் வைக்க வேண்டும். நம் கூட்டங்களை மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறோம். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வரும் பெண் எந்தக் கூட்டத்துக்கு வருவார்? நம் மேடையில் அருந்ததியர் தோழர்கள் எத்தனை பேர்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் தெருக்களில் வாழும் தொழிலாளர்களில் யாரையாவது நாம் அழைத்திருக்கிறோமா? பிறரிடம் கேட்கும் விட்டுக்கொடுத்தலை நாம் முதலில் செய்யாவிட்டால், 1892இன் சபைக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவதில் இருந்து தொடங்குவோம்.

கல்லூரிக்குள் நுழைந்துவிட்ட மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஒரு நாள் அந்த நாற்காலி கிடைக்கும். கிடைத்ததும் எழுந்து நின்று, பின்னால் வருகிறவரைப் பார்த்து “உட்கார்ந்து ஓட்டிப் பாரு” என்று சொல்லுங்கள். பண்டிதருக்கு நாம் செலுத்தும் நினைவஞ்சலி அதுதான்.

ஜெய்பீம்.