கெட்டுப்போன தீவனத்தில் பிறந்த மாத்திரை

1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட சமவெளியிலும் மாடுகள் ரத்தம் ஒழுகிச் செத்தன. கொம்பை வெட்டினால் ரத்தம் நிற்காது, காயடித்தால் நிற்காது. சில மாடுகள் மேலே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளுக்குள் கசிந்தே விழுந்தன. கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டின் சந்தேகம் தீவனத்தின் மேல் போனது. ஸ்வீட் குளோவர் என்ற பயிரைக் காயவைத்துச் சேர்த்திருந்தார்கள். ஈரத்தில் அதில் பூஞ்சணம் பிடித்திருந்தது. கையில் காசிருந்தால் அதைக் குப்பையில் கொட்டியிருப்பார்கள்.

1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் பனிப்புயலுக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு மேடிசன் நகருக்கு வந்தார். செத்த கிடேரி, ஒரு கேன் நிறைய உறையாத ரத்தம், கெட்டுப்போன தீவனம் எல்லாம் வண்டியில். கதவு திறந்திருந்தது கார்ல் பால் லிங்க்கின் வேதியியல் ஆய்வகத்தில்தான். லிங்க்கால் அவருக்கு உதவ முடியவில்லை. தீவனத்தை மாற்றச் சொல்லி அனுப்பினார். ஆனால் கேனை விடவில்லை. 1939இல் அவருடைய குழு குற்றவாளியைப் படிகமாகப் பிரித்தெடுத்தது: டைகூமரால். பயிரில் இயல்பாக இருக்கும் கூமரினைப் பூஞ்சணம்தான் அப்படி மாற்றியிருந்தது.

1945இல் காசநோய் விடுதியில் படுத்திருந்த லிங்க், பொழுதுபோக எலி ஒழிப்பு வரலாற்றைப் படித்தார். உடனே கொல்லும் விஷத்தில் எலி இரண்டாம் முறை வாய் வைக்காது. மெதுவாகக் கொல்லும் விஷமென்றால் சந்தேகமே வராமல் தினமும் வந்து தின்னும். ஆய்வகத்தில் டைகூமராலைப் பின்பற்றிச் செய்து வைத்திருந்த சேர்மங்களில் 42ஆம் எண் அதற்குப் பொருந்தியது. 1948இல் அது வார்ஃபரின் என்ற பெயரில் எலி விஷமாகக் கடைக்கு வந்தது.

1951இல் அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்து இதைச் சாப்பிட்டார். வைட்டமின் கே கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். முறிமருந்து கையில் இருக்கிறது என்று அப்போது தெளிவானது. 1954இல் ரத்தக்கட்டியைத் தடுக்கும் மருந்தாக மனிதருக்குக் கொடுக்க அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்கும் இதைக் கொடுத்தார்கள்.

உடலுக்குள் இது ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்வதில்லை. ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே துணையோடு முழுமையாக்குகிறது. செலவான வைட்டமினை மறுபடி பயன்படுத்தத் தக்கதாக மாற்ற ஒரு நொதி உண்டு. வார்ஃபரின் அதைத் தடுக்கிறது. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் நல்ல புரதங்கள் தீரும்வரை பலன் தெரியாது. இன்று மாத்திரையை விழுங்கினால் முழு விளைவு வரச் சில நாளாகும். எலியை ஏமாற்றியதும் இதே தாமதம்தான்.

இந்தத் தடையைச் சமாளிக்கும் எலிகள் 1950களின் இறுதியிலேயே ஸ்காட்லாந்தில் தென்பட்டன. அந்த நொதிக்கான மரபணு மனிதருக்குள்ளும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒருவருக்குப் போதுமான அளவு இன்னொருவருக்கு ரத்தக்கசிவாகலாம். அதனால்தான் ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனை. பலருக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையில் வைட்டமின் கே அதிகம். ஒரு வாரம் முருங்கைக்கீரை, மறுவாரம் ஒன்றுமில்லை என்று சாப்பிட்டால் கணக்கு தவறும். கீரையை அறவே விடுவதும் தேவையில்லை. அதைவிட, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மூட்டுவலி மாத்திரைதான் எனக்குப் பயம் தருகிறது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம்.

2010 வாக்கில் வந்த புது மருந்துகளுக்கு இத்தனை பரிசோதனை வேண்டாம். ஆனால் இதயத்தில் இயந்திர வால்வு பொருத்தியவர்களுக்கு அவற்றில் ஒன்றான டாபிகட்ரானைக் கொடுத்துப் பார்த்தபோது ரத்தக்கட்டியும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். அவர்களுக்கு இன்றும் வார்ஃபரினோ அதன் உறவுக்கார மருந்தோதான்.