பெல்ட்டைப் பிடித்திருந்தவன் இப்போ எங்கே?

ஸ்கூல்ல கூடப் படிச்சவங்க இப்போ என்ன பண்றாங்கன்னு நமக்கு ஓரளவு தெரியும். ஒருத்தன் கனடாவுல இருக்கான், ஒருத்திக்கு ரெண்டு குழந்தை, ஒருத்தன் பைக் விபத்துல போயிட்டான். வாட்ஸப் குரூப் ஒண்ணு இருந்தாப் போதும், தகவல் தானா வந்து சேர்ந்துடும். இந்த எபிசோட்ல நாம பார்க்கப் போறவங்களுக்கு அது அவ்வளவு சுலபமா அமையல. கூட இருந்தவங்க என்ன ஆனாங்கன்னு தேடுறதே அவங்களுக்கு ஒரு பெரிய வேலையாப் போச்சு. இடம் அமெரிக்கா. "உங்க பிள்ளையைப் போதையிலிருந்து மீட்டுத் தர்றோம்" என்று பெற்றோர்களிடம் சொல்லி நடத்தப்பட்ட சிகிச்சைத் திட்டங்களில் டீனேஜைக் கழித்தவர்கள் இவர்கள்.

முதல்ல இது எங்கிருந்து வந்ததுன்னு பார்த்துடலாம். 1958-ல் கலிஃபோர்னியாவில் சார்ல்ஸ் டெடெரிக் என்பவர் சினனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். போதைக்கு அடிமையான பெரியவர்களுக்கானது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவரை வார்த்தைகளாலேயே கிழிப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கேம்'. ஆளை உடைச்சாத்தான் புதுசாக் கட்ட முடியும் என்பது நம்பிக்கை. அதே பாணியை டீனேஜர்கள் மீது பிரயோகித்த இடங்களில் ஒன்று, 1970-ல் ஃப்ளோரிடாவில் ஆர்ட் பார்க்கர் தொடங்கிய 'தி சீட்'. அரசு நிதியும் அதற்குக் கிடைத்தது. 1974-ல் வெளிவந்த செனட் துணைக்குழு அறிக்கை ஒன்று, அங்கே நடப்பதை வட கொரியர்களின் மூளைச்சலவை முறைகளோடு ஒப்பிட்டது.

கதை அதோட முடிஞ்சிருக்கணும். முடியல. 1976-ல் அதே ஃப்ளோரிடாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், 'ஸ்ட்ரெய்ட்' தொடங்கியது. நிறுவியவர்களில் முக்கியமானவர் ஷாப்பிங் சென்டர்கள் கட்டிய தொழிலதிபர் மெல் செம்ப்ளர். பல மாநிலங்களில் கிளைகள் முளைத்தன. நான்சி ரீகன் ஆதரவு கொடுத்தார். 1985-ல் இளவரசி டயானாவே அவரோடு வர்ஜீனியா கிளைக்கு வந்து போனார்.

ஸ்ட்ரெய்ட் உள்ளே எப்படி இயங்கியதுங்கிறதுதான் இந்த எபிசோடுக்கு முக்கியம். புதுசா வர்ற பையன் தனியா நடக்கக்கூடாது. அவனுக்கு முன்னால் சேர்ந்த இன்னொரு பையன், பின்னாலிருந்து அவன் பேன்ட்டின் பெல்ட் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நடத்திப் போவான், கழிவறை வரைக்கும். பகல் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் குரூப். ராத்திரி அந்தப் பழைய பையனுடைய வீட்டிலேயே தூக்கம், அதுவும் பூட்டிய அறையில். பழைய நண்பர்கள் எல்லோரும் 'போதைக் கூட்டம்', அவர்களோடு பேச்சே கூடாது. சொன்னபடி நடந்தால் ஒவ்வொரு கட்டமாக மேலே போகலாம். மேலே போனால் என்ன கிடைக்கும் தெரியுமா? அடுத்த புதுப் பையனோட பெல்ட்!

சம்பளம் வாங்குற காவலாளி நிறையப் பேர் தேவையே இல்லை, பாருங்க. அடைபட்டவனே அடைக்கிறவனாகவும் ஆகிவிடுவான். செலவும் கம்மி. அதைவிடப் பெரிய விஷயம், வெளியே வந்த பிறகு "எனக்கு இதைச் செஞ்சது யாரு?" என்று கேட்டால், நினைவுக்கு வருகிற முகம் இன்னொரு பதினாறு வயசுப் பையனுடையதாக இருக்கும்.

ஃப்ரெட் காலின்ஸ் வழக்கைப் பார்ப்போம். 1982-ல் 19 வயதுக் கல்லூரி மாணவர். ஸ்ட்ரெய்ட்டில் இருந்த தம்பியைப் பார்க்கப் போனவரை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். நான்கு மாதங்களுக்கும் மேல் உள்ளே இருந்துவிட்டுத் தப்பி வந்து வழக்குப் போட்டார். 1983-ல் வர்ஜீனியாவில் ஜூரி, சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்காக 2,20,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு அந்த நிறுவனத்தின் மீதுதான். அவரைச் சுற்றி நின்று காவல் காத்த பையன்கள் பிரதிவாதிகள் இல்லை. சட்டத்துக்கு அந்தக் கோடு தெளிவாத் தெரிஞ்சது. அதே கோட்டை மனசுக்குள்ள போட்டுக்க மத்தவங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சோ?

ஸ்ட்ரெய்ட் 1993-ல் மூடப்பட்டது. செம்ப்ளர் பின்னாளில் இத்தாலிக்குத் தூதரானார். அவருடைய பிற்கால வாழ்க்கை ஆவணங்களில் பத்திரமாக இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் பிற்கால வாழ்க்கையை யார் எழுதி வைத்தது?

நானும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், அதனால இந்த இடம் எனக்கு உடனே உறைத்தது. ஆப்பை டெலீட் பண்ணிட்டுப் போனவங்களை எண்ணாம விட்டா, டேஷ்போர்டில் எல்லா யூசரும் சந்தோஷமாத்தான் தெரிவாங்க. இந்த மாதிரித் திட்டங்களின் வெற்றிக் கதைகளும் அப்படித்தான். மேடையில் நின்று நன்றி சொன்ன பிள்ளை கணக்கில் வரும். பத்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுங்கிறது வராது. 2007-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இத்தகைய இடங்களை ஆராய்ந்தபோது, பிள்ளைகள் இறந்துபோன 10 வழக்குகளை எடுத்து அலசியது. அவசியமான வேலைதான். ஆனால் வெளியே வந்து, முப்பது வயதில் தனியாக ஒரு அறையில் இறந்துபோனவர் எந்த அறிக்கையிலும் இடம்பெற மாட்டார்.

அந்த இடத்தை நிரப்பியவர்கள் கூட இருந்தவர்கள்தான். ஸ்ட்ரெய்ட், மெய்ன் மாநிலத்தின் ஈலான் பள்ளி போன்ற இடங்களில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, இறந்தவர்களின் பெயர்களை அவர்களே தொகுக்க ஆரம்பித்தார்கள். இதை அப்படியே புள்ளிவிவரமா எடுத்துக்க முடியாது, அதையும் சொல்லியாகணும். தேடி வருகிறவர்கள் எல்லோரையும் பிரதிநிதிப்பதில்லை. "அந்த இடம்தான் என் உயிரைக் காப்பாத்துச்சு" என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் இறந்ததற்கு அந்த நாற்காலிதான் காரணம் என்று பட்டியல் நிரூபிக்காது. ஆனா, இப்படி ஒரு ஆள் இருந்தான், இன்னிக்கு இல்லைங்கிறதை வேற யாரும் பதிவு பண்ணாதப்போ அது பதிவு பண்ணுது.

இதே வேலையைத் திரையில் பார்க்கணும்னா, 2024-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'தி ப்ரோக்ராம்' ஆவணத் தொடர் இருக்கு. இயக்குநர் கேத்தரின் கூப்ளரே நியூயார்க் மாநிலத்தின் ஐவி ரிட்ஜ் என்ற உறைவிடப் பள்ளியில் இருந்தவர். 2009-ல் மூடிய அந்தக் கட்டடத்துக்குள் பழைய சகாக்களோடு திரும்பப் போகிறார். அவர்களுடைய கோப்புகளும் கேமரா பதிவுகளும் அங்கேயே கிடக்கின்றன. அனுமதியில்லாமல் பேசினாலே தண்டனை கிடைத்த இடத்தில், அதே ஆட்கள் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அந்தப் பள்ளி கொடுத்த டிப்ளமோ செல்லாது என்பது 2005-லேயே வெளிவந்துவிட்டது. பிற்கால வாழ்க்கை என்பதில் அதுவும் அடக்கம், மக்களே. வேலைக்கோ காலேஜுக்கோ நீட்டின சான்றிதழ் வெறும் காகிதமாப் போச்சு.

2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் நிறைவேறியது. இளைஞர்களுக்கான இப்படிப்பட்ட இடங்களை தேசிய அறிவியல் கழகங்கள் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது அது. பாரிஸ் ஹில்டன் உட்பட, உள்ளே இருந்தவர்கள் விடாமல் குரல் கொடுத்ததால் வந்த சட்டம். அந்த ஆய்வாளர்கள் படிவம் தயாரிக்கும்போது, "உங்களோடு இருந்தவர்கள் இப்போது எங்கே?" என்ற கேள்வியையும் அதில் சேர்க்கணும். பெல்ட்டைப் பிடித்திருந்தவனைப் பற்றியும் கேட்கணும். அவனும் ஒரு காலத்துல புதுப் பையனா வந்தவன்தான்.

அடுத்த வாரம் பார்ப்போம்.