கைப்பந்து தங்கியது; பேஸ்பால் ஏன் தங்கவில்லை?

இந்தியாவில் பேஸ்பால் ஏன் வேரூன்றவில்லை என்று கேட்டால் பலரும் ஒரே விடையைத்தான் தருவர்: நம்மை ஆண்டவர் ஆங்கிலேயர், அமெரிக்கர் அல்லர். இவ்விடை பாதி உண்மை. மீதிப் பாதியைக் காண எங்கள் குன்னத்துகால் பக்கத்து ஊர்களின் மைதானங்களே போதும். பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இளைஞர்கள் மாலையில் வலை கட்டி ஆடும் கைப்பந்து அமெரிக்க ஆட்டமே. 1895இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் அதை உருவாக்கினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், அதே மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியிருந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் இருக்கும்போதே இவ்விரண்டும் இங்கு வந்து தங்கின. எனவே ஆண்டவர் யார் என்பது மட்டும் விளக்கமாகாது.

இவ்விரு ஆட்டங்களையும் கொண்டுவந்தது ஒய்.எம்.சி.ஏ. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அது இன்றும் நந்தனத்தில் இயங்குகிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியுடன் சென்றவரும் அவரே. அங்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பள்ளிகளுக்குச் சென்றனர்; அவர்களோடு ஆட்டங்களும் சென்றன. அமெரிக்க ஆட்டம் ஒன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்வரை செல்வதற்கான பாதை அன்றே திறந்திருந்தது என்பதே இதன் பொருள். அப்பாதையில் கைப்பந்தும் கூடைப்பந்தும் நடந்தன. பேஸ்பால் நடக்கவில்லை.

இதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, இடமும் செலவும். கைப்பந்துக்கு ஒரு பந்து, ஒரு வலை, இரு கம்பங்கள், ஒரு முற்றம் போதும். பேஸ்பாலுக்குப் பரந்த வெளியும், மட்டையும், களத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் கையுறையும் வேண்டும். இரண்டாவது, அந்தப் பரந்த வெளி ஏற்கெனவே கிரிக்கெட்டின் வசமிருந்தது. ஓர் ஊரில் மட்டையும் பந்தும் கொண்டு பெரிய மைதானத்தில் ஆடும் ஆட்டம் ஒன்று நிலைபெற்றுவிட்டால், அதே இடத்தையும் அதே உடல் திறன்களையும் கேட்கும் இன்னோர் ஆட்டம் அதனுடன் போட்டியிட்டாக வேண்டும். கைப்பந்துக்கு அப்படியொரு போட்டியாளர் இல்லை.

யாழ்ப்பாணம் இதனை மேலும் தெளிவாக்கும். அமெரிக்க மிஷன் அங்கு 1816இல் பணி தொடங்கியது; 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. தமிழுலகில் அமெரிக்கர் அவ்வளவு முன்னரே, அவ்வளவு ஆழமாகக் கால் ஊன்றிய இடம் வேறில்லை. ஆயினும் யாழ்ப்பாணத்தின் ஆட்டம் கிரிக்கெட்டாயிற்று. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான 'வடக்கின் பெரும் போர்' 1904இல் தொடங்கியது. காலவரிசையைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் பேஸ்பாலுக்கு விதிகளை எழுதியதே 1845இல்தான். யாழ்ப்பாணம் வந்த முதல் தலைமுறை மிஷனரிகள் கப்பலேறியபோது, கொண்டுவருவதற்கு அந்த ஆட்டம் இன்றைய வடிவில் இருக்கவேயில்லை.

ஆட்டம் இலங்கைக் கரையைத் தொட்டது 1889 சனவரியில். ஆல்பர்ட் ஸ்பால்டிங் தம் உலகப் பயணத்தின் வழியில் இரு அமெரிக்க அணிகளைக் கொழும்பில் ஆடவைத்தார். அது ஒரு காட்சி ஆட்டம். கப்பல் புறப்பட்டதும் அதுவும் புறப்பட்டது. பின்னால் நின்று தொடர ஒரு பள்ளியோ சங்கமோ இல்லை.

ஜப்பானில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1872 அளவில் தோக்கியோவில் ஆசிரியராக இருந்த ஹோரஸ் வில்சன் தம் மாணவருக்குப் பேஸ்பாலைக் கற்பித்தார். 1896இல் தோக்கியோவின் முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் யோகஹாமாவில் வாழ்ந்த அமெரிக்கரை 29-4 என வென்றனர். அதன்பின் அது ஜப்பானியரின் ஆட்டம். அவர்கள் ஆண்ட தைவானுக்கும் அது சென்றது. 1931இல் ஜப்பானியர், ஹான் மக்கள், பழங்குடியினர் கலந்து ஆடிய கானோ என்னும் வேளாண் பள்ளி அணி ஜப்பானின் கோஷியென் தொடரில் இரண்டாமிடம் பெற்றது. டொமினிகன் குடியரசுக்கு ஆட்டத்தைக் கொண்டுசென்றவர்கள் அமெரிக்கர் அல்லர். ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான போரின்போது தாயகம் நீங்கிய கியூபர். பிலிப்பைன்ஸை அமெரிக்காவே ஆண்டது. தொடக்கத்தில் பேஸ்பால் அங்குச் செழித்தது. பின்னர் கூடைப்பந்து அதன் இடத்தைப் பிடித்தது. அமெரிக்க ஆட்சி இல்லாத இடத்தில் ஆட்டம் நிலைத்ததும், இருந்த இடத்தில் தளர்ந்ததும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

மொழியியல் பயின்றவள் என்ற முறையில் சொற்களையும் இங்குச் சான்றாகக் கொள்ள விரும்புகிறேன். 1894இல் சூமான் கானோயே ஆட்டத்துக்கு 'யாக்யூ' என்று பெயரிட்டார். 'வெளிப்பந்து' என்பது அதன் பொருள். தமிழிலும் 'அடிபந்தாட்டம்' என்ற ஆக்கம் உண்டு. ஆனால் அது எழுத்தோடு நின்றுவிட்டது. அதே வேளையில், தமிழ்நாட்டில் 'கைப்பந்து' என்றும் இலங்கையில் 'கரப்பந்தாட்டம்' என்றும் ஓர் ஆட்டத்துக்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. எனினும் தாய்மொழிப் பெயர் பெற்றதே வேரூன்றியது என்று முடிவுகட்ட இயலாது. கிரிக்கெட் இன்றும் கிரிக்கெட்தான். 'மட்டைப்பந்து' மக்கள் வாயில் ஏறவில்லை. இதைவிட நம்பத்தக்க அளவுகோல், ஆட்டத்தின் சொற்கள் ஆட்டத்துக்கு வெளியே வாழ்கின்றனவா என்பது. கண்ணாமூச்சி ஆடும் குழந்தையும் 'அவுட்' என்கிறது. காதலில் விழுந்தவனைக் 'கிளீன் போல்டு' என்கிறோம். எதிர்பாராத வெற்றியைச் 'சிக்ஸர்' என்கிறோம். பேஸ்பாலிலிருந்து இவ்வாறு பேச்சுத் தமிழுக்குள் வந்த சொல் ஒன்றையும் நான் கேட்டதில்லை.

இந்தப் பின்னணியில்தான் ரிங்கு சிங், தினேஷ் படேல் கதையைப் படிக்க வேண்டும். 2008இல் ஜே.பி. பெர்ன்ஸ்டைன் இந்தியாவில் நடத்திய 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டியில் 37,000க்கும் மேற்பட்டோர் பந்து வீசினர். தேர்ந்தெடுக்கப்பட்ட இருவரும் உத்தரப் பிரதேசத்தினர், ஈட்டி எறிபவர்கள். அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது. படேல் 2010இல் விடுவிக்கப்பட்டார். சிங் கீழ்நிலைத் தொடர்களில் சில ஆண்டுகள் ஆடி, காயங்களால் தடைப்பட்டு, 2018இல் மல்யுத்தக் கேளிக்கைத் துறைக்குச் சென்றார். 2014இல் வெளிவந்த திரைப்படத்துக்கு ஏ.ஆர். ரகுமான் இசையமைத்தார். இக்கதையை 'கண்டெடுக்கப்பட்ட திறமை' என்று சொல்வது வழக்கம். ஆனால் அவர்களது கைகளை உருவாக்கியது போட்டி அன்று. லக்னோவின் அரசு விளையாட்டுக் கல்லூரி. திறமை வெறும் நிலத்தில் கிடந்த புதையல் என்ற பார்வை, அதை வளர்த்த நிறுவனத்தையும் ஆசிரியரையும் மறைத்துவிடுகிறது.

மணிப்பூர் இதற்கு மாற்றாக நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கு வந்த அமெரிக்கப் படையினரிடமிருந்து கற்ற ஆட்டத்தை உள்ளூர் மக்கள், பெண்கள் உட்பட, தலைமுறைகளாகப் பேணிவருகின்றனர். 'தி ஒன்லி ரியல் கேம்' என்ற ஆவணப்படம் அதனைப் பதிவு செய்துள்ளது. பரிசுத் தொகையோ தொலைக்காட்சியோ அங்கு ஆட்டத்தைக் காப்பாற்றவில்லை, சங்கங்கள் காப்பாற்றின.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் போட்டிகளில் கிரிக்கெட்டையும் பேஸ்பால்–சாஃப்ட்பாலையும் ஒரே முடிவில் சேர்த்தது. இனி 'இந்தியாவில் பேஸ்பால்' பற்றிய கட்டுரைகள் பெருகும். அவற்றுள் பல, இந்திய உடலுக்கும் மனத்துக்கும் எந்த ஆட்டம் பொருந்தும் என்ற பழைய கேள்வியையே மீண்டும் கேட்கும். அக்கேள்விக்கு வரலாற்றில் இடமில்லை. அதே உடல்கள்தாம் கைப்பந்தைத் தமதாக்கிக்கொண்டன.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தென் திருவிதாங்கூரில் நாகர்கோவில் முதல் பாறசாலை வரை பள்ளிகளை எழுப்பியது லண்டன் மிஷன். 1956இல் அவற்றிடையே மாநில எல்லை விழுந்தது. விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் சென்றன. இரு பக்கத்துப் பள்ளிகளின் விளையாட்டுப் பதிவேடுகளையும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்களின் நினைவுகளையும் சேர்த்து வாசித்தால், எந்த ஆட்டம் யார் கைவழியாக எந்த ஊருக்கு வந்தது என்று எழுத முடியும். பதிவேடுகளைக் கரையான் விட்டுவைக்கும். ஆசிரியர்களைக் காலம் விட்டுவைக்காது. அவர்களிடமிருந்து தொடங்குவது நல்லது.