கப்பல் பயணியின் பத்து உரிமைகள்: ஓர் உரை

2013 மே 22 அன்று க்ளியா என்று அழைக்கப்படும் சர்வதேச குரூஸ் கம்பெனிகளின் சங்கம், பயணிகளின் உரிமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மொத்தம் பத்து வாசகங்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு மெக்ஸிகோ வளைகுடாவில் நடந்தது தெரியாமல் படித்தால் பாதிதான் விளங்கும்.

அந்தப் பிப்ரவரி 7-ஆம் தேதி டெக்ஸஸின் கால்வெஸ்டனிலிருந்து கார்னிவல் ட்ரையம்ஃப் என்ற கப்பல் கொஸுமெல் தீவுக்குக் கிளம்பியது. பயணிகளும் ஊழியர்களுமாக 4,200 பேருக்கு மேல். திரும்பும் வழியில், 10-ஆம் தேதி, எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. தீயை அணைத்துவிட்டார்கள், மின்சாரம் திரும்பவில்லை. கப்பலில் மின்சாரம் போனால் எஞ்சினோடு சேர்ந்து ஏசி, அடுப்பு, கழிவறை எல்லாம் நின்றுவிடும். இழுவைப் படகுகள் அதை அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்த்தபோது 14-ஆம் தேதி இரவு. அதுவரை மக்கள் கேபினில் நாற்றம் தாங்காமல் மேல்தளத்தில் படுத்திருந்தார்கள். அமெரிக்க செனட்டர் சார்ல்ஸ் ஷூமர் கப்பல் பயணிகளுக்கு உரிமைப் பட்டியல் வேண்டும் என்று குரல் கொடுத்தார். சட்டம் வருமுன் சங்கமே ஒன்றை எழுதி ஏற்றுக்கொண்டது.

பெரும்பாலும் ஒரு விபத்தைக் கண்முன் வைத்து எழுதிய பட்டியல் இது. காவலும் அந்த விபத்தின் அளவுக்குத்தான். துறைமுகம் தவறுவது, கரைச்சுற்றுலாப் பணம் போவது, லாயல்டி சலுகை மாறுவது போன்ற, பயணிகள் அடிக்கடி சந்திக்கும் இழப்புகள் இதில் இல்லை. ஆகவே ஒவ்வொரு வாசகத்திலும் அது தருவதோடு, தராமல் விட்டதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூலத்தின் பொருளை என் சொற்களில் தந்து, கீழே உரை எழுதுகிறேன்.

1. துறைமுகத்தில் கட்டியிருக்கும் கப்பலில் உணவு, தண்ணீர், கழிவறை, மருத்துவம் ஆகியவற்றைப் போதிய அளவு தர முடியாவிட்டால் பயணி இறங்கிக்கொள்ளலாம். பயணிகளின் பாதுகாப்பு குறித்த கேப்டனின் முடிவுக்கும், அத்துறைமுகத்தின் சுங்க, குடியேற்ற விதிகளுக்கும் இது உட்பட்டது.

கப்பல் கட்டியிருந்தால்தான் இந்த உரிமை. நடுக்கடலில் மிதந்த ட்ரையம்ஃப் பயணிகளுக்கு இது அன்று இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. ட்ரையம்ஃபுக்கு அடுத்த மாதமே கார்னிவல் ட்ரீம் என்ற கப்பல் செயின்ட் மார்ட்டின் தீவில் ஜெனரேட்டர் பழுதோடு நின்றது. அந்த நிலைக்குத்தான் இது பொருந்தும்.

நம்மவர் நின்று படிக்க வேண்டியது குடியேற்ற விதி என்ற பகுதியை. பழுதான கப்பல் எந்த நாட்டில் ஒதுங்கும் என்று யாருக்கும் தெரியாது. இந்திய பாஸ்போர்ட்டோடு ஃப்ளோரிடாவில் கப்பல் ஏறுபவருக்கு அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். ஒருமுறை விசாவோடு போனால் பஹாமாஸைப் பார்த்துவிட்டுத் திரும்பி நுழைய முடியாது. மத்தியதரைக்கடல் பயணத்தில் ஷெங்கன் விசாவுக்கும் இதே கணக்கு. துருக்கியோ மாண்டினீக்ரோவோ நடுவில் வந்தால் ஷெங்கன் எல்லையைத் தாண்டியதாகிவிடும். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழருக்கு வேறொரு சிக்கல். ஒரே அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே திரும்பும் கரீபியன் பயணத்துக்குக் குடியுரிமைச் சான்றிதழும் புகைப்பட அடையாள அட்டையும் போதும் என்று விதி இருக்கிறது. வெளிநாட்டுத் தீவில் இறங்கி விமானம் ஏற வேண்டிவந்தால் அந்தச் சான்றிதழ் உதவாது. விதி விட்டாலும் பாஸ்போர்ட்டை விடாதீர்கள்.

2. இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுப் பணமும், பாதியில் முடிந்தால் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கும்.

பட்டியல் வெளியான ஐந்தாம் நாளே இதற்குச் சோதனை வந்தது. மே 27 அன்று பால்டிமோரிலிருந்து போய்க்கொண்டிருந்த கிராண்டர் ஆஃப் த சீஸ் கப்பலின் பின்பகுதியில் தீ. கப்பல் பஹாமாஸின் ஃப்ரீபோர்ட்டில் ஒதுங்கியது. அதன் கம்பெனியான ராயல் கரீபியன், பயணிகளை விமானத்தில் ஊர் சேர்த்தது. பணத்தை முழுதாகத் திருப்பி, மறுபயணத்துக்கான சான்றும் கொடுத்தது. வாசகம் கேட்டதைவிட அதிகம்தான் கொடுத்தார்கள்.

ஆனால் வாசகம் பேசுவது கப்பல் கட்டணத்தை மட்டுமே. சென்னையிலிருந்து பார்சிலோனாவுக்குப் போட்ட விமான டிக்கெட், முன்னிரவு ஹோட்டல், தனியாரிடம் முன்பணம் கட்டிய சுற்றுலா ஆகியவை இதில் வரவில்லை. அதற்குத்தான் பயண இன்சூரன்ஸ். குரூஸ் ரத்தாவதும் பாதியில் முடிவதும் அதில் அடங்குமா என்று பாலிசியை வரிவரியாகப் படித்து வாங்க வேண்டும். கப்பல் கிளம்பும் நாளிலேயே விமானத்தில் போய் இறங்குவதும் வேண்டாத துணிச்சல். முந்தின நாளே அந்த ஊரில் இருங்கள்.

மறுபயணச் சான்று என்பதையும் கவனிக்க வேண்டும். அது பணம் அல்ல, அதே கம்பெனியிடம் திரும்பி வரச் சொல்லும் அழைப்பு. லாயல்டி திட்டங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ராயல் கரீபியனின் க்ரௌன் அண்டு ஆங்கர் திட்டத்தில் சாதாரண கேபினில் ஓர் இரவுக்கு ஒரு பாயின்ட், சூட் அறையில் இரண்டு. 30 பாயின்ட்டில் பிளாட்டினம், 80-இல் டைமண்ட், 175-இல் டைமண்ட் ப்ளஸ், 700 சேர்ந்தால் உச்சமான பினக்கிள். வருடம் ஒரு வாரம் போகிற குடும்பம் டைமண்டைத் தொடவே பன்னிரண்டாம் வருடம் ஆகிவிடும். இந்தப் படிகள் எதுவும் உரிமைப் பட்டியலில் இல்லை. எந்தப் படிக்கு என்ன சலுகை என்பதைக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே பாயின்ட்டுக்காகப் பயணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். போக நினைக்கும் துறைமுகங்களைப் பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுத்து, பாயின்ட் வந்தால் வாங்கிக்கொள்வதே சரி. சேர்வதற்குக் காசில்லை என்பதால் முதல் பயணத்திலேயே பதிவுசெய்துவிடலாம்.

3. ஆறுகளையும் கரையோரக் கடலையும் தாண்டிச் செல்லும் கப்பல்களில், கரை மருத்துவம் கிடைக்கும்வரை, முழுநேர அவசர மருத்துவ உதவி இருக்கும்.

இருக்கும் என்றுதான் சொல்கிறது, இலவசம் என்று சொல்லவில்லை. கப்பல் டாக்டரின் கட்டணம் உங்கள் கேபின் கணக்கில் டாலரில் ஏறும். ஹெலிகாப்டரில் இறக்க நேர்ந்தால் செலவு பல லட்சங்களுக்குப் போகும். வயதான அப்பா அம்மாவை அழைத்துப்போகிறவர்கள், முன்பே உள்ள நோய்களையும் கடலிலிருந்து வெளியேற்றும் செலவையும் ஏற்கும் இன்சூரன்ஸை எடுங்கள். வழக்கமான மாத்திரைகளைப் பெட்டியில் போட்டுப் போர்ட்டரிடம் கொடுக்க வேண்டாம்; கைப்பையில் இருக்கட்டும். பெட்டி கேபினுக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகலாம்.

4. இயந்திரக் கோளாறோ அவசரநிலையோ வந்து பயணத்திட்டம் மாறினால், உரிய நேரத்தில் தகவல் தரப்படும்.

பத்தில் இதைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். திட்டம் மாறாது என்ற உறுதி இங்கே இல்லை. மாறினால் சொல்வோம் என்ற உறுதிதான் இருக்கிறது. டிக்கெட் ஒப்பந்தத்திலோ, எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிடவோ மாற்றவோ கேப்டனுக்கு அதிகாரம் உண்டு என்று எழுதியிருப்பார்கள். காற்று பலமாக அடிக்கும்போது ஆயிரக்கணக்கானவர்களின் உயிரைச் சுமந்துகொண்டு ஒருவர் முடிவெடுக்கிறார். அந்த அதிகாரம் அவரிடம் இருப்பதுதான் நியாயம். ஆனால் நமக்கு என்ன திரும்பும்? பெரும்பாலும் அத்துறைமுகத்துக்கான வரியும் கட்டணமும் மட்டுமே. கப்பலில் வாங்கிய கரைச்சுற்றுலாவுக்குப் பணம் தானாகவே கணக்குக்கு வந்துவிடும். வெளியாரிடம் வாங்கியிருந்தால் அவரவர் விதி. கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திருப்புவோம் என்று எழுத்தில் தருகிறவரிடம் மட்டும் முன்பணம் கட்டுங்கள்.

எந்தத் துறைமுகம் தவறக்கூடும் என்று ஓரளவு முன்பே ஊகிக்கலாம். கப்பல் நேராகக் கடற்பாலத்தில் கட்டுமா, வெளியே நின்று டெண்டர் படகில் ஆட்களை இறக்குமா என்று பாருங்கள். கிராண்ட் கேமன், பெலீஸ் சிட்டி, சான்டோரினி எல்லாம் டெண்டர் துறைமுகங்கள். அலை கொஞ்சம் எழுந்தாலும் டெண்டர் ஓடாது. இந்த ஒரு இடத்துக்காகத்தான் போகிறேன் என்று மனம் வைத்திருந்தால், அங்கே கடற்பாலம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

டெண்டர் ஊர்களில்தான் லாயல்டி சலுகைக்கு மெய்யான மதிப்பு. ஹாலண்ட் அமெரிக்கா கம்பெனியில் நான்கு நட்சத்திரப் படியும், பிரின்சஸ் கம்பெனியில் எலீட் படியும் எட்டியவர்களுக்கு டெண்டரில் முன்னுரிமை உண்டு. அவர்களுக்குத் துணி துவைத்துத் தருவதும் இலவசம். நீண்ட பயணத்தில் அது நல்ல உதவிதான். ஆனாலும் சான்டோரினியில் காலையில் முதல் படகில் இறங்கி, கேபிள் கார் வரிசை நீளுமுன் மேலேறிவிடுவதற்கு அது ஈடாகாது. படி எதுவும் இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு: கப்பலின் சுற்றுலாவில் சேர்ந்தவர்களைப் பொதுவாக முதலில் இறக்குவார்கள்.

5. அவசரகால, வெளியேற்ற நடைமுறைகளில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருப்பார்கள்.

இதன் பின்னால் நிற்பது கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜில்யோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிதாவெக்கியாவில் ஏறிய பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015-லிருந்து, கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் போனில் வீடியோ பார்த்துவிட்டு, கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்துவிடுகிறது. அதோடு நிறுத்தாதீர்கள். கேபினிலிருந்து அந்த இடத்துக்கு லிஃப்டை விட்டுப் படிவழியாகக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள்.

6. பிரதான ஜெனரேட்டர் பழுதானால் அவசர மின்சாரம் இருக்கும்.

சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி, எஞ்சின் அறைக்கு வெளியே தனி அவசர மின்சார ஏற்பாடு இல்லாமல் பயணிகள் கப்பல் ஓட முடியாது. விளக்குக்கும் தகவல் தொடர்புக்கும் தீயணைப்புப் பம்புக்கும் அது போதும். ஏசிக்கும் சமையலுக்கும் போதாது. அதாவது, ஏற்கெனவே கட்டாயமாக இருந்ததையே இந்த வாசகம் உரிமை என்று தருகிறது. உண்மையான மாற்றம் பட்டியலுக்கு வெளியே நடந்தது. கழிவறையும் நன்னீரும் நிற்காமல் ஓடக் கூடுதல் ஜெனரேட்டர்கள் உட்பட, 30 கோடி டாலர் செலவில் தன் கப்பல்களைச் சீராக்குவதாக ட்ரையம்ஃபின் கம்பெனியான கார்னிவல் 2013 ஏப்ரலில் அறிவித்தது.

7. இயந்திரக் கோளாறால் பயணம் முன்கூட்டியே முடிந்தால், இறங்க வேண்டிய துறைமுகத்துக்கோ பயணியின் சொந்த ஊருக்கோ கொண்டுசேர்ப்பார்கள்.

கப்பல் நம்மைச் சுமக்க முடியாமல் போனால்தான் இது. நாம் கப்பலைத் தவறவிட்டால் இல்லை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவ் டோமே தீவில் நார்வீஜியன் டான் கப்பலின் பயணிகள் எட்டுப் பேர் தாங்களாக ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமாகி, நேரத்துக்குத் திரும்பவில்லை. கப்பல் கிளம்பிவிட்டது. நாடு நாடாகத் துரத்தி, கடைசியில் செனகலின் டக்காரில்தான் ஏறினார்கள். கப்பலே விற்ற சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் சேர்த்துவிடும். அதற்காக எப்போதும் கப்பலிடமே வாங்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். வெளியாரிடம் விலை குறைவு, குழு சிறியது, சைவச் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தச் சொல்லலாம். ஊருக்குள்ளேயே சுற்றுவதற்கு வெளியார். இரண்டு மூன்று மணி நேரம் உள்நாட்டுக்குள் போவதற்குக் கப்பல். இதுவே என் கணக்கு.

கடிகாரத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கொஸுமெல் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் 2015 முதல் வருடம் முழுவதும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. கோடையில் ஃப்ளோரிடாவிலிருந்து வரும் கப்பல் தன் நேரத்தை மாற்றாவிட்டால், கரைக் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். கடைத்தெருவில் மணி நான்கு என்றால் கப்பலில் ஐந்து. போன் கரை நேரத்துக்குத் தானாக மாறிவிடும் என்பதால் கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக் கப்பல் நேரத்தை வையுங்கள். கப்பல் தரும் அன்றாடத் தாளில் துறைமுக ஏஜெண்டின் போன் எண் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டே இறங்குங்கள். கப்பல் போய்விட்டால் முதலில் அழைக்க வேண்டியவர் அவர்தான்.

8. அப்படி இறங்கி, திட்டத்தில் இல்லாத துறைமுகத்தில் இரவு தங்க நேர்ந்தால், தங்குமிடம் தரப்படும்.

தெளிவான வாசகம். இதுவும் இயந்திரக் கோளாறுக்கு மட்டுமே.

9. கப்பலில் நடப்பதைப் பற்றிக் கேட்கக் கட்டணமில்லா போன் எண், ஒவ்வொரு கம்பெனியின் தளத்திலும் இருக்கும்.

அமெரிக்க இலவச எண்ணுக்கு இந்தியாவிலிருந்து அழைத்தால் பெரும்பாலும் இலவசமாக இருக்காது. வீட்டில் இருப்பவர்களிடம் கம்பெனியின் சாதாரண எண், கப்பலின் பெயர், புக்கிங் எண் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

10. இந்தப் பட்டியல் ஒவ்வொரு கம்பெனியின் தளத்திலும் வெளியிடப்படும்.

வெளியிட்டால் போதுமா, யாருக்குச் செல்லும்? வட அமெரிக்காவில் டிக்கெட் வாங்கும் அமெரிக்கப் பயணிகளுக்கு என்று வரையறுத்துத்தான் சங்கம் இதை அறிவித்தது. ஐரோப்பாவில் குரூஸ் வாங்குகிறவருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டுப் பேக்கேஜ் பயண விதிகள் காவல். சென்னையிலோ சிங்கப்பூரிலோ வாங்குகிறவர், எந்த நாட்டு ஒப்பந்தத்தின் கீழ் டிக்கெட் தருகிறீர்கள் என்று ஏஜெண்டிடம் கேட்க வேண்டும்.

வழக்கு எங்கே போட வேண்டும் என்பதுகூட அந்த ஒப்பந்தத்தில் இருக்கும். மெக்ஸிகோ கடலில் கார்னிவல் கப்பலில் வழுக்கி விழுந்து காயமடைந்த பெண்ணும் அவர் கணவரும் தங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் வழக்குப் போட்டார்கள். ஃப்ளோரிடாவில்தான் போட வேண்டும் என்று டிக்கெட்டில் இருக்கிறது என்றது கம்பெனி. அது செல்லும் என்று 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சிட்ட டிக்கெட் அவர்கள் கைக்கு வந்தது பணம் கட்டிய பிறகு. இன்று அந்த ஒப்பந்தம் கம்பெனித் தளத்திலேயே இருக்கிறது. கடைசித் தவணை கட்டுமுன் எடுத்துப் படிக்க முடியும்.