மக்பெத்தும் கண்டி அரசும்

பேராசை, கொலை, குற்றவுணர்வு ஆகிய மூன்றும் ஒரே மனிதனின் உள்ளத்திற் குடிகொண்டு அவனை அழிப்பதே சேக்ஸ்பியரின் 'மக்பெத்' காட்டும் அவலமாகும். டங்கன் மன்னனைக் கொன்று அரியணையேறிய மக்பெத், அச்சத்தால் கொலைமேற் கொலை புரிகின்றான். மக்டஃப் என்னும் பிரபு இங்கிலாந்துக்குத் தப்பிச் செல்ல, அவனுடைய மனைவியும் மக்களும் கொல்லப்படுகின்றனர். ஆங்கிலப் படையுடன் மீளும் மக்டஃப் பழிதீர்க்கின்றான். 1606ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட இந்நாடகத்தின் நிகழ்ச்சிகளை ஒத்தவை, இரு நூற்றாண்டுகளின் பின்னர் கண்டி மாநகரில் நிகழ்ந்தமை ஊன்றி நோக்கத்தக்கது.

1798இல் ராஜாதி ராஜசிங்கன் இறந்தபோது, நாயக்கர் மரபினனான கண்ணுசாமி என்னும் இளைஞனை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயருடன் அரியணையேற்றியவன் முதலமைச்சனான பிலிமத்தலாவ. இளைஞனைப் பாவையாக நிறுத்தி, காலம் வாய்க்கும்போது முடியைத் தானே கவர்வது அவன் நோக்கம். அதன்பொருட்டு ஆங்கிலத் தேசாதிபதி நோர்த்துடன் மறைவிற் பேசினான். மன்னனோ பாவையாக இருக்க இசைந்தானல்லன். 1811ஆம் ஆண்டளவில் பிலிமத்தலாவவின் சதி வெளிப்பட, அவன் மரணதண்டனைக்கு உள்ளானான்.

அவனுடைய பதவிக்கு வந்தவன் எஹெலப்பொல. 1814இல் சப்பிரகமுவையில் இவன் தொடங்கிய கிளர்ச்சி முறியடிக்கப்படவே, ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிக்குத் தப்பிச் சென்றான். கண்டியில் அகப்பட்டிருந்த அவனுடைய குடும்பத்தின்மீது அரசனின் சினம் பாய்ந்தது. பிள்ளைகள் வெட்டுண்டனர், தாய் வாவியில் அமிழ்த்தப்பட்டாள். இக்கொடுமைக்கு எவ்விதச் சமாதானமும் கூறுதல் இயலாது. 1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டியுட் புகுந்தது. 18ஆம் நாள் அரசன் மெதமகாநுவரைப் பகுதியிற் பிடிபட்டான்.

இதுவரை நாடகமும் வரலாறும் ஒரே வழியிற் செல்கின்றன. இதன் பின்னரே வேறுபாடு தோன்றுகின்றது. நாடகத்தில் ஆங்கிலப் படை வென்ற முடி, டங்கனின் மைந்தனான மல்கமைச் சேர்கின்றது. கண்டியின் முடியோ மூன்றாம் ஜோர்ஜ் மன்னனைச் சேர்ந்தது. மனைவி மக்களை இழந்த எஹெலப்பொல அரியணையையும் பெறவில்லை. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயராற் கைதுசெய்யப்பட்டு, 1825இல் மொரிசியசுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தான். அரசன் வேலூரிற் சிறையிருந்து 1832இல் மறைந்தான்.

இனி, குற்றவுணர்வு யாருடையது? நாடகத்தில் மக்பெத்தின் தனிமொழி அவனது மனச்சான்றை நமக்குத் திறந்து காட்டுகின்றது. வரலாற்றில் தனிமொழி இல்லை, ஆவணமே உண்டு. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி அரண்மனை மண்டபத்தில் வாசிக்கப்பட்ட உடன்படிக்கையே அவ்வாவணம். அதன் முதலாம் பிரிவு 'மலபார்' அரசனின் கொடுமைகளை எடுத்துரைக்கின்றது. தலைவர்களின் முடிவேட்கை பற்றியோ, ஆங்கிலேயர் நடத்திய மறைவுப் பேச்சுகள் பற்றியோ அது வாய்திறக்கவில்லை. மூன்றாம் பிரிவு ஒருபடி மேலே செல்கின்றது: அரசனின் உறவினர் மட்டுமன்றி, கண்டிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆடவர் அனைவரும் அனுமதியின்றித் திரும்புதல் தடைசெய்யப்பட்டது. பலர் பங்குகொண்ட குற்றம் ஒருவன் தலையில் ஏற்றப்பட்டது. அவ்வொருவனின் குற்றமோ ஓர் இனத்தின்மீது படர்ந்தது.

இவ்விடத்தில் மற்றோர் உண்மையையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். வரலாற்று மக்பெத் 1040 முதல் 1057 வரை பதினேழு ஆண்டுகள் ஸ்கொத்லாந்தை ஆண்டவன். பின்வந்தோர் எழுதிய வரலாறுகளிலிருந்தே சேக்ஸ்பியர் தம் கொடுங்கோலனைப் படைத்தார். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆண்டதும் பதினேழு ஆண்டுகளே. அவனைப் பற்றிய சித்திரமும் பெரும்பாலும் அவனை வென்றோரால் வரையப்பட்டதாகும். அவன் கைகளிற் படிந்த குருதியை மறைத்தல் வரலாறாகாது. அக்குருதியைக் காட்டிப் பிறர் தம் கைகளைக் கழுவிக்கொண்டதை மறத்தலும் வரலாறாகாது.