இரு குருக்களும் ஒரு குடுவையும்

உயிர் உயிரிலிருந்தே பிறக்கும் என்பது உயிரியல் பாடத்தின் முதற்படி. பள்ளிச் சிறுவனும் இன்று அதைத் தயக்கமின்றிச் சொல்வான். ஆயினும் இவ்வொரு வாக்கியம் நிலைபெற, மனித அறிவு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டத்தின் நடுக்கட்டத்தில் எதிரெதிரே நின்ற இருவரும் கத்தோலிக்கக் குருக்கள் என்பதை நம்மில் பலர் அறியோம்.

விலாங்கு மீன் சேற்றிலிருந்து தானே தோன்றும் என்றார் அரிஸ்டாட்டில். அழுகும் பொருளிலிருந்து சிற்றுயிர்கள் தோன்றுவதைப் புனித அகுஸ்தீனாரும் மறுக்கவில்லை. புனித தோமா அக்குவினாவோ அதற்கு விண்கோள்களின் ஆற்றலைக் காரணம் காட்டினார். படைப்பைப் பற்றிய விசுவாசத்திற்கு இது இடையூறு என அவர்கள் எண்ணவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் வரும் சிலர் இதை மறந்துவிட்டனர்.

1668-இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரேடி, இறைச்சியைச் சில சாடிகளில் திறந்தும் சிலவற்றில் மெல்லிய துணியால் மூடியும் வைத்தார். ஈ மொய்த்த இறைச்சியில் மட்டுமே புழு கண்டது. ஆனால் சில ஆண்டுகளில் லேவன்ஹூக்கின் உருப்பெருக்காடி கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் காட்டியது. புழுவுக்குத் தாய் உண்டு, சரி, இந்நுண்ணுயிர்களுக்கு?

இலண்டனில் பிறந்த ஜான் நீதம் அடிகளார் அதற்கு விடை கண்டதாக நம்பினார். கொதிக்கும் ஆட்டிறைச்சிச் சாற்றைக் குப்பியில் ஊற்றித் தக்கையால் அடைத்து, சூடான சாம்பலில் வைத்தார். சில நாட்களில் சாறு முழுவதும் நுண்ணுயிர்கள்! 1748-இல் இதை வெளியிட்ட அவர், பொருளுக்குள்ளேயே ஒரு வளர்ச்சியாற்றல் உறைகிறது என்று முடிவு செய்தார்.

இத்தாலியின் ஸ்காண்டியானோவில் பிறந்த லாசரோ ஸ்பல்லன்சானி அடிகளாருக்குத் தக்கையின்மேல் ஐயம் எழுந்தது. குடுவையின் கழுத்தை நெருப்பில் உருக்கி ஒட்டி, அதை ஒரு மணி நேரம் வரை கொதிநீரில் வைத்தார். உள்ளே உயிர் தோன்றவில்லை. 1765-இல் இம்முடிவு நூலாயிற்று. நீதம் சளைக்கவில்லை: மிகுந்த வெப்பத்தால் அந்த ஆற்றலை நீர் கொன்றுவிட்டீர், உள்ளிருந்த காற்றையும் கெடுத்துவிட்டீர் என்றார். இது வெறும் பிடிவாதம் அன்று. நேர்மையான ஆய்வாளன் கேட்க வேண்டிய கேள்விதான். ஸ்பல்லன்சானியும் அதனைச் சோதித்தே விடை தந்தார். விதைகளை அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை வேகவைத்து, காற்றுப் புகும்படி விட்டுவைத்தார். நெடுநேரம் வெந்தவற்றிலும் நுண்ணுயிர்கள் குறைவின்றிப் பெருகின. வெப்பம் அழித்ததாகச் சொல்லப்பட்ட ஆற்றல் எங்கே போயிற்று?

இதற்கிடையே வேடிக்கை ஒன்று நடந்தது. நீதமின் சோதனையை ஓல்பாக் என்ற நாத்திகச் சிந்தனையாளர் 1770-இல் தம் கொள்கைக்குச் சான்றாக்கினார். திருச்சபையை ஓயாது சாடிய வோல்தேரோ, இக்கொள்கை நாத்திகத்தில் முடியும் என்று அஞ்சி ஸ்பல்லன்சானி பக்கம் நின்றார்; நீதமை அயர்லாந்து இயேசு சபையார் என்று எள்ளினார். நீதம் அயர்லாந்தாரும் அல்லர், இயேசு சபையாரும் அல்லர். கடவுளைக் காக்கவோ மறுக்கவோ ஒரு குப்பிச் சாற்றை நம்பியவர்களைக் காணும்போது, அக்குவினாவின் அமைதி எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

காற்றைப் பற்றிய ஐயம் மட்டும் முழுமையாகத் தீரவில்லை. 1810-இல் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர், உணவைப் புட்டியில் அடைத்துக் கொதிக்க வைத்து நெடுநாள் கெடாமல் காக்கும் முறையை நூலாக வெளியிட்டார். அப்புட்டிகளில் உயிர்வளி இல்லை என்று வேதியியலார் கே-லுசாக் கண்டபோது, நீதமின் கேள்வி மீண்டும் தலைதூக்கியது.

அதைத் தீர்த்தவர் லூயி பாஸ்டர். 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் குடுவையின் கழுத்தை மூடாமல், அன்னத்தின் கழுத்தைப்போல் நீட்டி வளைத்தார். காற்று தடையின்றிப் புகுந்தது. தூசியும் அதில் ஒட்டிய நுண்ணுயிர்களும் வளைவிலேயே தங்கின. கொதித்த சாறு மாதக்கணக்கில் தெளிவாக இருந்தது. குடுவையைச் சாய்த்து, சாறு அவ்வளைவைத் தொடும்படி செய்தார். சில நாட்களில் அது கலங்கியது.