பிறந்த தேதி கேட்காத ஆப்: உடல் கடிகாரம் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1970களில் காசியோ நிறுவனம் பயோலேட்டர் என்ற பெயரில் ஒரு கால்குலேட்டர் விற்றது. கூட்டல் கழித்தல் எல்லாம் செய்யும். கூடவே, பிறந்த தேதியை அழுத்தினால், இன்றைக்கு உங்கள் உடம்பு எப்படி இருக்கும், மனசு எப்படி, புத்தி எப்படின்னு சொல்லிவிடும். உடம்புக்கு 23 நாள் சுற்று, மனசுக்கு 28, புத்திக்கு 33. இதில் முதல் இரண்டு எண்களும் பெர்லினில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த வில்ஹெல்ம் ஃப்ளீஸிடமிருந்து வந்தவை. சிக்மண்ட் ஃப்ராய்டின் நெருங்கிய நண்பர் இவர். 33ஐப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். சோதித்துப் பார்த்தபோது இந்தக் கணக்கு எதுவும் நிற்கவில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நானும் ஒரு நண்பரும் சேர்ந்து உடல் கடிகாரத்துக்கு ஏற்ப தினசரி வேலைகளை அமைத்துத் தரும் ஒரு ஆப்புக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். புரோகிராம் அவர் பொறுப்பு, பின்னணி வாசிப்பு என் பொறுப்பு. அந்த வாசிப்பில் எடுத்த குறிப்புகள்தான் இவை. நண்பரின் முதல் வரைவில் எல்லோருக்கும் ஒரே அட்டவணை இருந்தது: 5 மணிக்கு எழு, 10 மணிக்கு மூளை வேலை, இரவு 9:30க்குப் படு. பார்த்ததும் எனக்கு பயோலேட்டர் ஞாபகம்தான் வந்தது. அதுவாவது பிறந்த தேதியைக் கேட்டது. இது அதையும் கேட்கவில்லை!

சரி, உண்மையான கடிகாரத்தின் கதைக்கு வருவோம்.

1729இல் பிரெஞ்சு வானியலாளர் ஜான்-ஜாக் தே மைரான், தொட்டாற்சிணுங்கி போல இலை மூடித் திறக்கும் ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார. வெயிலே படாவிட்டாலும் பகலில் இலை விரிந்தது, இரவில் மூடியது. இதைப் பாரிஸ் அகாதெமியில் அவருக்காக ஒரு நண்பர்தான் அறிவித்தார். ஆனால் செடிக்குள் கடிகாரம் இருக்குன்னு தே மைரான் சொல்லவில்லை. சூரியனைப் பார்க்காமலே செடி எப்படியோ அதை உணர்கிறது என்றுதான் அந்தக் குறிப்பு போகிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளும் இப்படித்தான் பகல் இரவை உணர்கிறார்கள் என்று ஒரு வரியும் அதில் உண்டு.

அது உணர்வு இல்லை, கடிகாரம்தான் என்று காட்ட இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. 1832இல் ஸ்விஸ் தாவரவியலாளர் தே கந்தோல், தொட்டாற்சிணுங்கியை விடாமல் வெளிச்சத்திலேயே வைத்தார். அப்போது அதன் ஒரு சுற்று 22, 23 மணி நேரத்தில் முடிந்தது. இங்கேதான் விஷயமே இருக்கு. வெளியே இருக்கும் சூரியனை எப்படியோ உணர்ந்து ஆடுகிற செடியாக இருந்தால் சரியாக 24 மணி வந்திருக்க வேண்டும். கொஞ்சம் பிசகி ஓடுவதுதான், அது சொந்தக் கடிகாரம் என்பதற்குச் சாட்சி.

மனிதர்களுக்கு இந்தச் சோதனை செய்வது எளிதல்ல. மனிதனைச் சூரியனிடமிருந்து ஒளித்து வைக்க வேண்டுமே. 1938இல் தூக்க ஆய்வாளர் நத்தானியல் கிளைட்மன், தன் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனுடன் அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள மம்மத் குகைக்குள் 32 நாள் தங்கினார். ஒரு நாளுக்கு 28 மணி என்று வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்தார்கள். இளைஞரான ரிச்சர்ட்சன் உடம்பு ஓரளவு பழகிக்கொண்டது. 43 வயது கிளைட்மனின் உடல் வெப்பம் பழைய 24 மணிக் கணக்கிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே குகை, ஒரே அட்டவணை, இரண்டு உடம்பு, இரண்டு பதில்.

1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற 23 வயது பிரெஞ்சு நிலவியலாளர் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் கடிகாரமே இல்லாமல் இரண்டு மாதம் இருந்தார். சோதனை முடிந்தது என்று செப்டம்பர் 14 அன்று சொன்னபோது, அவர் கணக்கில் தேதி ஆகஸ்ட் 20. நாளை எண்ணும் மனசு அவ்வளவு தவறிப்போயிருக்கு. ஆனால் தூங்கி எழும் சுற்று மட்டும் சுமார் 24 மணி 30 நிமிடத்தில் ஒழுங்காக ஓடியிருக்கு.

இதையே முறையாகச் செய்தவர்கள் ஜெர்மனியின் யூர்கன் ஆஷோஃபும் ரூட்கர் வேவரும். பவேரியாவில் ஆன்டெக்ஸ் என்ற ஊரில், வெளிச்சமும் சத்தமும் புகாத நிலத்தடி அறைகளில் 1960களிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களைத் தங்க வைத்தார்கள். சராசரி 25 மணி வந்தது. பாடப் புத்தகங்களில் ரொம்ப காலம் இருந்த எண் இது. ஆனால் தங்கியவர்கள் தங்கள் விளக்கைத் தாங்களே போட்டு அணைக்கலாம் என்று விட்டிருந்தார்கள். அந்த விளக்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளியது. ஹார்வர்டின் சார்ல்ஸ் ஸைஸ்லர் குழு 1999இல் மங்கிய வெளிச்சத்தில் அளந்தபோது வந்த சராசரி 24 மணி 11 நிமிடம். படுக்கைக்குப் பக்கத்தில் எரியும் ஒரு விளக்குக்கு எவ்வளவு பலம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதை ஒரு ஃபோன் திரையில் சொல்லப்போகிறோம் என்பதையும் யோசித்துப் பாருங்க.

இந்தக் கதையில் மதுரைக்கும் ஒரு இடம் உண்டு. ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ஆய்வு செய்துவிட்டு வந்த எம்.கே. சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வை வளர்த்தெடுத்தார். மனிதர்களைத் தனிமையில் வைத்து ஆராயும் அறையும் அங்கே அமைந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் குழு செய்த வௌவால் ஆய்வு. மதுரைப் பக்கத்துக் குகைக்குள், பகல் வெளிச்சமே எட்டாத இடத்தில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் கூட்டம் சுதந்திரமாகப் போய் வந்துகொண்டிருந்தவரை, கூண்டு வௌவாலும் அதே நேரத்துக்குச் சுறுசுறுப்பானது. கூட்டம் இல்லாத இடத்தில் அதன் நேரம் தனியாக விலகிப்போனது. ஆக, அந்த வௌவாலுக்கு வெளிச்சம் செய்யும் வேலையைச் சக வௌவால்கள் செய்திருக்கின்றன.

அடுத்தது மரபணு. 1971இல் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் பழ ஈக்களில் மூன்று வகைப் பிறழ்வுகளைக் கண்டுபிடித்தார்கள்: 19 மணி ஓடும் ஈ, 28 மணி ஓடும் ஈ, ஒழுங்கே இல்லாத ஈ. மூன்றுக்கும் காரணம் ஒரே மரபணு. அதன் வேலையை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு. சீக்கிரம் எழுகிறவன் நல்லவன், லேட்டா எழுகிறவன் சோம்பேறி என்று நாம் பேசும் பேச்சுக்கு ஒரு ஈ சொன்ன பதில் இது.

சரி, ஆப் என்ன கேட்க வேண்டும்? மியூனிக்கின் டில் ரோனபெர்க் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்: அலாரம் இல்லாத லீவு நாளில் எப்போது தூங்கி எப்போது எழுகிறீர்கள்? 12 மணிக்குப் படுத்து 8க்கு எழுந்தால், தூக்கத்தின் நடுப்புள்ளி 4 மணி. வேலை நாளில் 11க்குப் படுத்து 5க்கு எழுந்தால் நடுப்புள்ளி 2 மணி. இடையில் 2 மணி நேர வித்தியாசம். 2006இல் அவர் குழு இதற்கு வைத்த பெயர் சோஷியல் ஜெட் லேக். ஊர் விட்டுப் போகாமலே வாராவாரம் விமானம் ஏறி இறங்குகிற மாதிரி. அந்த எண்ணோடு, எந்நேரம் கண்ணில் வெளிச்சம் படுகிறது என்பதும் தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது. காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும், ராத்திரி வெளிச்சம் பின்னே தள்ளும்.

இதை ஃபோனில் செய்து காட்டியவர்களும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஒலிவியா வால்ச், டேனியல் ஃபோர்ஜர் குழு 2014இல் என்ட்ரெய்ன் என்ற இலவச ஆப்பை வெளியிட்டது. ஜெட் லேக் தீர எப்போது வெளிச்சத்தில் இருக்கணும், எப்போது இருட்டில் இருக்கணும் என்று கணக்குப் போட்டுத் தரும். விருப்பப்பட்டவர்கள் அனுப்பிய தகவலை வைத்து 2016இல் வந்த கட்டுரையின் சாரம் இது: எப்போது எழுவது என்பதில் உடல் கடிகாரத்தின் பிடி தெரிகிறது, எப்போது படுப்பது என்பதில் சமூகம் அதை அமுக்கிவிடுகிறது.

இங்கேதான் எங்களுக்குள் உண்மையான வாக்குவாதம் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு செவிலியருக்கு வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். அதுவும் இரவு, அடுத்து மாலை, அடுத்து காலை என்று பின்னோக்கி. அவர் ஃபோனில் "இன்று நீங்கள் தாமதமாகத் தூங்கினீர்கள்" என்று சிவப்பு எழுத்தில் காட்டுவதால் யாருக்கு என்ன லாபம்? அவர் கையில் இல்லாத ஒன்றுக்கு அவரையே குற்றவாளி ஆக்குகிறோம்.

நண்பரை ஒத்துக்கொள்ள வைத்தது 1982இல் ஸைஸ்லரும் சகாக்களும் வெளியிட்ட ஒரு ஆய்வு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தாது நிறுவனத்தில் ஷிப்ட் வாரத்துக்கு ஒருமுறை பின்னோக்கி மாறிக்கொண்டிருந்தது. மனிதக் கடிகாரம் 24 மணியைவிடக் கொஞ்சம் நீளம் என்பதால், முன்னே இழுப்பதைவிடப் பின்னே தள்ளுவது அதற்கு எளிது. அதனால் வரிசையைக் காலை, மாலை, இரவு என்று திருப்பிப் போட்டார்கள். ஒரு பிரிவுக்கு 21 நாளுக்கு ஒருமுறை மட்டும் மாற்றம். தொழிலாளர்களின் திருப்தி கூடியது, உற்பத்தியும் கூடியது. ஆட்கள் அதே ஆட்கள்தான். மாறியது சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை.

அதனால் எங்கள் வரைவில் இப்போது இரண்டு மாற்றம். 5 மணி அட்டவணையை எடுத்துவிட்டோம். லீவு நாள் தூக்கத்தைக் கேட்காமல் ஆப் எந்த யோசனையும் சொல்லாது. இரண்டாவது, ஷிப்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பக்கம்: அவர்கள் தூக்கத்துக்கும் ட்யூட்டிக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் இடிக்கிறது என்று ஒரே தாளில் அச்சிட்டு எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தாள் படுக்கையறையில் மாட்டுவதற்கு இல்லை, ட்யூட்டி சார்ட் போடுகிறவரின் மேஜையில் வைப்பதற்கு.